ஏழாவது வரிசை, மூன்றாவது கம்பம்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இது விளக்கு நோட்டு. சாமந்திக்கு விளக்கு போடுகிறவன் நோட்டு வைத்திருந்தால்தான் பிழைக்க முடியும். என்றைக்கு நட்டது, எத்தனை மணிக்கு விளக்கு எரிந்தது, கொழுந்து எப்போது கிள்ளியது, மருந்து எப்போது அடித்தது, எல்லாம் இதில் ஏற வேண்டும். போன வருஷம் வரை எழுதியவன் திம்மராயன், என் மனைவி நாகவேணியின் தம்பி. முதல் நாற்பது பக்கம் அவன் கையெழுத்து. பொடி எழுத்து, கண்ணாடி போடாமல் ஒன்றும் தெரியாது. அவன் போய்ச் சேர்ந்து பத்து மாதம் ஆகப் போகிறது. ஒரு பக்கத்தைக் காலியாக விட்டுவிட்டு இங்கிருந்து நான் எழுதுகிறேன். முனிரத்தினம், வயது ஐம்பத்து நான்கு, ராயக்கோட்டைக்கு மேற்கே ஒன்றேகால் ஏக்கர்.

இன்று பன்னிரண்டு வரிசை நட்டு முடித்தோம். மஞ்சள் சாமந்தி. நாற்று நல்ல நாற்று. ஆடிப்பெருக்குக்கு ஊரே ஆற்றுக்குப் போயிருந்தது, நானும் நாகவேணியும், கூலிக்கு வந்த இரண்டு பெண்களும்தான் வயலில்.

ஆகஸ்ட் 4, திங்கள்

விளக்கு இரவு 10 முதல் 2 வரை. கையால் போட்டு, கையால் நிறுத்தியது.

போன வாரம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் "செடிக்கு எதுக்கு லைட்டு, அது படிக்கவா போவுது?" என்று கேட்டுச் சிரித்தார். சிரிக்கட்டும். சாமந்தி ராத்திரியின் நீளத்தை அளந்து பூக்கிற செடி. ராத்திரி நீள ஆரம்பித்தால் மொட்டு வைத்துவிடும். எங்களுக்குப் பூ பொங்கலுக்கு வேண்டும். அதனால் வரிசைக்கு வரிசை கம்பம் நட்டு, பல்பு தொங்கவிட்டு, ராத்திரியை நடுவில் வெட்டிவிடுகிறோம். இன்னும் கோடைதான் என்று நம்பிக்கொண்டு செடி இலையாகவே விட்டுக்கொண்டிருக்கும். செடியை ஏமாற்றுகிற வேலைதான். ஆனால் அது ஒரு முறை மொட்டு வைத்துவிட்டால் அப்புறம் எத்தனை பல்பு போட்டாலும் திரும்பாது.

டைமர் ஒன்று இருக்கிறது. மோட்டார் கொட்டாயில் மெயின் ஸ்விட்சுக்குப் பக்கத்தில், ஒயர் பிடுங்கப்பட்டுக் கிடக்கிறது. போன வருஷம் அது நேரம் தப்பி ஓடித்தான், கம்பத்தில் பல்பு மாட்டிக்கொண்டிருந்த திம்மன் கரண்ட் அடித்துச் செத்தான் என்று ஊருக்கே தெரியும். அதை மறுபடியும் மாட்ட முடியுமா? அதனால் பத்து மணிக்கு எழுந்து போகிறேன், இரண்டு மணிக்கு எழுந்து போகிறேன். இன்னும் நூறு ராத்திரி இப்படி.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

காலையில் எல்லப்பன் வந்தான். ஒயர்மேன் எல்லப்பன், டைமரை மாட்டிக் கொடுத்தவன். வேலிக்கு உள்ளே வரவில்லை, கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஆள் பாதியாகிவிட்டான்.

"ண்ணா, அந்த டைமர ஒரு வாட்டி என்கிட்ட குடுங்க. ஓசூருக்கு எடுத்துட்டுப் போயி, நல்லா இருக்குதுன்னு எழுதி வாங்கியாந்துடறேன்."

"எதுக்குப்பா இப்ப?"

"எதுக்காவா? டீக்கடையில ஒரு ஃபேன் மாட்டக்கூட என்னைக் கூப்பிடறதில்லண்ணா. ஆளக் கொன்ன ஒயர்மேன்னு பேரு. செங்கச் சூளைக்குப் போய்க்கிட்டிருக்கேன். அந்த டைமர் ராத்திரி பத்துக்குன்னா பத்துக்குத்தான் ஓடும். சாயங்காலம் ஆறு மணிக்கு ஏன் ஓடப்போவுது?"

"ஓடுச்சே" என்றேன்.

அவன் என் முகத்தையே பார்த்தான். பிறகு கேட்டான்: "அன்னிக்கு மெயின் கைப்பிடியில துண்டு இருந்துச்சாண்ணா?"

துண்டு விஷயம் திம்மன் ஏற்படுத்தியது. ஒரு தரம் அவனுக்கு லேசாக ஷாக் அடித்தது. அன்றிலிருந்து, லைனில் யார் கை வைத்தாலும் முதலில் மெயினை இறக்கி, அதன் கைப்பிடியில் தன் தோள் துண்டைப் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். துண்டு தொங்கினால் ஆள் லைனில் இருக்கிறான் என்று அர்த்தம். போட்டவன்தான் எடுக்க வேண்டும், வேறு யாரும் தொடக் கூடாது. போட்டுவிட்டுக் கத்தவும் செய்வான்: "மாமா, துண்டு போட்டிருக்கேன்!"

"இல்லப்பா. அவசரக்காரப் பையன், மெயின இறக்காமலே போயிட்டான். துண்டும் போடல" என்றேன்.

நாகவேணி தொட்டிக்கருகில் குடம் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்: "அவன் துண்டு போடாம போவமாட்டான்."

டைமரைத் தருகிறேன், தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லி எல்லப்பனை அனுப்பினேன். டைமர் கண்ணெதிரே சுவரில்தான் இருக்கிறது. ஏன் தேடுகிறேன் என்று சொன்னேனோ தெரியவில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

விளக்கு 10 – 2. ஏழாவது வரிசையில் மூன்றாவது கம்பத்து பல்பு எரியவில்லை.

ஆகஸ்ட் 23, சனி

பகலில் போய் அந்த பல்பைக் கழற்றி எடுத்து வந்தேன். வீட்டு ஹோல்டரில் மாட்டினால் பளிச்சென்று எரிகிறது. திரும்பக் கொண்டுபோய் மாட்டினேன். அந்தக் கம்பத்தடியில் நிற்க எனக்குப் பிடிக்காது, சீக்கிரம் வந்துவிட்டேன். இரவு மற்றதெல்லாம் எரிந்தது, அது மட்டும் இருட்டு.

திம்மன் விழுந்து கிடந்தது அந்த இடத்தில். இதை எழுதிவைக்க வேண்டிய அவசியமில்லை. எழுதிவிட்டேன், அடிக்காமல் விடுகிறேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

கொழுந்து கிள்ளினோம். நட்ட நான்காவது வாரம் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கத்தில் நாலு கிளை வெடிக்கும், பூவும் நாலு பங்காகும். நாகவேணி ஒரு நாளைக்கு நான்கு வரிசை கிள்ளுவாள். எனக்கு இரண்டு முடிவதற்குள் இடுப்பு போய்விடும், அவளும் அதை ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். இந்த வருஷம் சிரிக்கவில்லை.

ஏழாவது வரிசை என் பங்கில் வந்தது. மூன்றாவது கம்பத்தடிச் செடிகளை மட்டும் விட்டுவிட்டேன். வெயில் ஏறிவிட்டது.

செப்டம்பர் 5, வெள்ளி

மழை. சந்தையிலிருந்து நனைந்துகொண்டு வந்தேன். சட்டையைக் கழற்றி அதாலேயே தலையைத் துவட்டினேன்.

நாகவேணி பார்த்துக்கொண்டே நின்றாள். "ஊர்ல எல்லா ஆம்பளைங்க தோள்லயும் துண்டு கெடக்குது. உங்களுக்கு மட்டும் என்ன, ஒரு வருசமா துண்டே ஆவறதில்ல?"

"வேர்க்குது" என்றேன்.

"மழையிலயா?"

ஈரச் சட்டையை வாங்கிக் கொடியில் போட்டுக்கொண்டே சொன்னாள்: "திம்மனோட பச்சக் கரைத் துண்டு எங்க போச்சுன்னே தெரியல. அவன் துணியெல்லாம் எண்ணி வெச்சேன். அது மட்டும் இல்ல."

அவனோடேயே எரிந்திருக்கும் என்றேன். அவனைக் குளிப்பாட்டித் துணி உடுத்திவிட்டது அவள்தான்.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஏழாவது வரிசை மூன்றாவது கம்பத்தடியில் மொட்டு.

பதினொரு செடி. நான் கிள்ளாமல் விட்டவை, ஒற்றைத் தண்டாக நெடுநெடுவென்று வளர்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றின் நுனியிலும் மிளகளவு மொட்டு. சுற்றிலும் ஆயிரக்கணக்கான செடி, எதிலும் ஒன்றுகூட இல்லை. இருட்டு விழுகிற இடம், மொட்டு வைக்கத்தான் செய்யும், இதில் அதிசயம் ஒன்றுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பதினொன்றையும் கண்ணால் கோடு போட்டுப் பார்த்தேன். ஆறடி நீளம் இருக்கும்.

நான் கூப்பிடாமலே நாகவேணி பின்னால் வந்து நின்றிருந்தாள்.

செப்டம்பர் 15, திங்கள்

அந்த பல்பை மாற்றிவிட்டுப் புதிது மாட்டப்போவதாக நாகவேணியிடம் சொன்னேன்.

"வேணாங்க, உட்டுடுங்க. திம்மனுக்கு வெளிச்சத்துல தூக்கம் வராது. சின்னப் பையனா இருந்தப்பவே வெளக்கு எரிஞ்சா மூஞ்சிமேல துணியப் போட்டுக்குவான்."

அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள், உப்பு குறைச்சல் என்று சொல்கிற மாதிரி. பல்பை மாற்றவில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

மகாளய அமாவாசை. திம்மனுக்கு இலை போட்டுப் படைத்தாள். நான் சாப்பிடவில்லை, வயிறு சரியில்லை.

மத்தியானம் அவள் கோயிலுக்குப் போயிருந்தபோது ஒரு காரியம் செய்தேன். டைமரைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து, ஒரே ஒரு பல்போடு சேர்த்து, பன்னிரண்டே முக்காலுக்கு எரிய வைத்தேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டே முக்காலுக்கு எரிந்தது. ஒரு மணிக்கு அணைய வைத்தேன், அணைந்தது. நான்கு தரம் பார்த்துவிட்டு, அவள் வருவதற்குள் பழையபடி கொட்டாய்ச் சுவரில் மாட்டினேன்.

ஏன் பார்த்தேன் என்றால், ஒருவேளை தப்பி ஓடாதா என்றுதான். ஒரு நிமிஷம், அரை நிமிஷம் தப்பியிருந்தால்கூடப் போதும்.

ராத்திரி பத்து மணிக்கு மெயினைத் தூக்கும்போது குரல் கேட்கிறது. தினமும்தான். இதுவரை எழுதவில்லை. வயலிலிருந்து, "மாமா" என்று மட்டும். மிச்சத்தைச் சொல்வதில்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

அசுவினிப் பூச்சி விழுந்துவிட்டது. நுனியெல்லாம் கறுப்பாக மொய்க்கிறது. மருந்து அடித்தே ஆக வேண்டும். எனக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், ராத்திரிக் கண்விழிப்புதான் காரணம். கூலிக்கு ஒரு ஆளை வைத்து நாகவேணியே அடிக்க ஏற்பாடு செய்தாள். மத்தியானம் வந்து சொன்னாள்:

"மருந்தடிக்க ஒரு டேங்க்கு பத்தல. கொட்டாய்ப் பரண்மேல கெடந்த பழைய டேங்க்கயும் எடுத்தேன்."

"அது ஓட்டைன்னு சொன்னேனில்ல?" என்றேன். படுக்கையிலிருந்து எழுந்தே விட்டேன்.

"ஓட்டையெல்லாம் இல்ல. நல்லாத்தான் இருக்குது."

கஞ்சி கொடுத்தாள். குடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

செப்டம்பர் 30, செவ்வாய்

காய்ச்சல் விட்டது. கொட்டாய்க்குப் போய்ப் பழைய டேங்க்கின் மூடியைத் திறந்து பார்த்தேன். காலி.

சரி.

அக்டோபர் 3, வெள்ளி

விளக்கு 10 – 2. அவள் ஒன்றும் கேட்கவில்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

விளக்கு 10 – 2. கேட்கவில்லை. நேற்று எனக்குப் பிடிக்கும் என்று அவரைக்கொட்டைக் குழம்பு வைத்தாள். கேட்டுவிட்டால் தேவலை என்று இருக்கிறது.

அக்டோபர் 12, ஞாயிறு

பதினொரு செடியிலும் மஞ்சள் தெரிய ஆரம்பித்துவிட்டது. வயல் முழுக்கப் பச்சை, நடுவில் அந்த ஒரு இடம் மட்டும் மஞ்சள். வீட்டு வாசலிலிருந்து பார்த்தாலே தெரிகிறது. வழியில் போகிறவர்கள் வேலியருகே நின்று பார்க்கிறார்கள், யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. களை எடுக்க வந்த பெண் ஏழாவது வரிசைக்குள் இறங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

நாகவேணிதான் அந்த இடத்துக்குக் களை எடுக்கிறாள். "இதுல யாரும் கை வெக்கக் கூடாது" என்று எல்லோருக்கும் சொல்லிவைத்திருக்கிறாள்.

எல்லப்பன் மறுபடி வந்தான். டைமர் கிடைத்ததா என்றான். இன்னும் இல்லை என்றேன். அவன் என்னைத் தாண்டி அந்த மஞ்சளைப் பார்த்தான். திரும்பி நடந்துவிட்டான்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எங்கள் வீட்டில் இல்லை. விளக்கு 10 – 2.

அக்டோபர் 24, வெள்ளி

இன்றோடு ஒரு வருஷம்.

காலையில் நாகவேணி அந்தப் பதினொரு செடியிலும் பூ பறித்தாள். நன்றாக மலர்ந்த பூ. கட்டி, திம்மன் போட்டோவுக்குப் போட்டாள். சரியாக அவன் நாளுக்கு வந்து நின்ற பூ என்று படையலுக்கு வந்தவர்கள் சொன்னார்கள். நான் தலையாட்டினேன்.

எல்லோரும் போன பிறகு, மாலை ஆறு மணி சுமாருக்கு, மழை மூட்டமாக இருந்தது. அவள் முக்காலியைத் தூக்கிக்கொண்டு வயலில் இறங்கினாள்.

"அந்த பல்ப இன்னிக்குச் சரிபண்ணிடறேன். வருசம் முடிஞ்சிடுச்சு."

"நான் பண்றேன்" என்றேன்.

"வேணாம். நீங்க போயி மெயினப் பாத்துக்குங்க."

கொட்டாய்க்குப் போய்க் கதவைத் தள்ளினேன். மெயின் இறங்கியிருந்தது. அதன் கைப்பிடியில் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. பச்சைக் கரை. திம்மன் போடுகிற மாதிரியே இரண்டாக மடித்து, ஒரு நுனி நீளமாக. துவைத்து வெயிலில் காயப்போட்டிருக்கிறாள், சோப்பு வாசனை வந்தது. பழைய டேங்க்குக்குள் நான் அதைத் திணித்தபோது மழையில் நனைந்து ஈரமாக இருந்தது.

வயலிலிருந்து அவள் குரல் வந்தது. "மெயின் ஆஃபுங்களா?"

"ஆஃப்" என்றேன்.

"துண்டு இருக்குதுங்களா?"

அந்தப் பச்சைக் கரையையே பார்த்தேன். அவள் மறுபடியும் கேட்டாள்.

"துண்டு இருக்குதுங்களா?"

"இருக்குது."

"எந்தத் துண்டு?"

கதவைப் பிடித்துக்கொண்டேன். இன்னொரு பொய் தயாராகத்தான் இருந்தது, என் துண்டு என்று சொல்லியிருக்கலாம். அவள் முக்காலிமேல் நின்று, அதே கம்பத்தில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"திம்மனோடது" என்று கத்தினேன். "அன்னிக்கும் இங்கதான் தொங்குச்சு. நான்தான் எடுத்தேன்."

ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். அவள் பல்பை மாட்டி, இறங்கி, முக்காலியைத் தூக்கிக்கொண்டு வரப்புக்கு வந்து நின்றாள்.

"போடு" என்றாள்.

முப்பது வருஷத்தில் என்னிடம் அவள் ஒருமையில் பேசியது இதுதான் முதல் தடவை. என்னால் அந்தத் துண்டைத் தொட முடியவில்லை. அவளே வந்து அதை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு, கைப்பிடியைத் தூக்கினாள். எல்லா விளக்கும் எரிந்தது. ஏழாவது வரிசை மூன்றாவது கம்பத்திலும் எரிந்தது.

அக்டோபர் 25, சனி

நேற்றோடு எழுதாமல் நிறுத்தலாம் என்று பார்த்தேன். ஆனால் இது விளக்கு நோட்டு. என்றைக்கு விளக்கு எரிந்தது, யார் போட்டது என்பதுதான் இதில் இருக்க வேண்டும். போன வருஷம் அக்டோபர் 24-க்கு எதிரே ஒன்றும் எழுதப்படவில்லை. இப்போது எழுதுகிறேன்.

மாலை ஐந்தே முக்கால். ராயக்கோட்டையிலிருந்து மழையில் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தேன். தலையிலிருந்து தண்ணீர் கண்ணில் வழிந்தது. மோட்டார் போட வேண்டும் என்று கொட்டாய்க்குள் நுழைந்தேன். கண் சரியாகத் தெரியவில்லை, கைக்கு ஒரு துண்டு தட்டுப்பட்டது. எடுத்துத் தலையைத் துவட்டினேன், முகத்தைத் துடைத்தேன், தோளில் போட்டுக்கொண்டேன். எங்கள் வீட்டில் எங்கே எந்தத் துண்டு கிடந்தாலும் யார் வேண்டுமானாலும் எடுத்துத் துடைத்துக்கொள்வதுதான் வழக்கம். எங்கிருந்து எடுத்தேன் என்று யோசிக்கவே இல்லை. மெயின் இறங்கியிருந்தது. கரண்ட் வந்துவிட்டதா பார்க்கலாம் என்று தூக்கினேன். திம்மன் பல்பு சோதிக்க டைமரைத் தாண்டி ஒயரை நேராக மெயினிலிருந்து கொடுத்து வைத்திருந்தான், அதனால் வயல் முழுக்க ஒரே நேரத்தில் எரிந்தது. அழகாக இருக்கிறதே என்று ஒரு நொடி நினைத்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

"மாமா" என்று கேட்டது. அவ்வளவுதான்.

மெயினை இறக்கிவிட்டு ஓடினேன். நாகவேணி எனக்கு முன்னால் போய்விட்டாள். அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "யாரு போட்டது? யாரு போட்டது?" என்று கேட்டாள். அவன் துண்டு என் தோளில் இருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. என் வாய் "டைமர்" என்றது. நான் யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் போலீஸ்காரர் கேட்டபோது யோசித்துத்தான் சொன்னேன். எல்லப்பன் அழுதுகொண்டு வந்து என் காலருகில் உட்கார்ந்தபோதும் யோசித்துத்தான் சும்மா இருந்தேன்.

திம்மன் துண்டு போட்டிருந்தான். மறக்கவில்லை. இதை எழுதும்போது எனக்கு அழுகை வருகிறது, அவனுக்காக வருகிறதா எனக்காக வருகிறதா தெரியவில்லை.

அக்டோபர் 29, புதன்

நாகவேணி சோறு போடுகிறாள், பேசுவதில்லை. இருபத்து நான்காம் தேதி ராத்திரி ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்: "அந்த ஆளுகிட்ட போயிச் சொல்லு."

இன்று செங்கல் சூளைக்குப் போனேன். எல்லப்பன் கல் அடுக்கிக்கொண்டிருந்தான். தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். கடைசிவரை கேட்டான், கையிலிருந்த கல்லைக் கீழே வைக்கவே இல்லை.

"எம்மேல தப்பில்லன்னு எனக்குத் தெரியும்னு நெனக்கிறியாண்ணா? தெரியாது. நானே நம்பிட்டேன். ஒயர எங்கயோ தப்பாக் குடுத்துட்டேன்னு ராத்திரியெல்லாம் மனசுல கனெக்‌ஷன் போட்டுப் போட்டுப் பாப்பேன். என் பொண்டாட்டி ஸ்விட்ச் போடறதுக்கு முன்னாடி என் மூஞ்சியப் பாப்பா. ஒரு வருசம்ண்ணா."

மன்னிப்பு என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினான்.

"இங்க சொல்லி என்ன பிரயோசனம்? இந்தக் கல்லா ஊருக்குப் போயிச் சொல்லும்? டீக்கடையில வந்து சொல்லு."

சொன்னேன். மாலை ஆறு மணி, பெஞ்சு நிறைய ஆள். எல்லப்பன் எனக்குப் பக்கத்திலேயே நின்றான். நான் சொல்லி முடித்தேன். கடைக்காரர் பாலை ஆற்றிக்கொண்டே இருந்தார். எல்லப்பன் தலைக்குமேல் ஓடாமல் கிடந்த ஃபேனைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனான்.

நாளைக்கு ஸ்டேஷனிலும் எழுதிக் கொடுக்கப் போகிறேன்.

அக்டோபர் 30, வியாழன்

கொடுத்துவிட்டேன். கூப்பிடும்போது வர வேண்டும் என்றார்கள். விளக்கு 10 – 2.

நவம்பர் 10, திங்கள்

இன்றோடு விளக்கு நிறுத்தம். இனி ராத்திரி முழுசாக இருட்டு. மூன்று வாரத்தில் மொட்டு, பொங்கலுக்குப் பூ.

நிறுத்திவிட்டு வந்தபோது நாகவேணி வாசலில் நின்றிருந்தாள். தானாகப் பேசினாள். முகத்தைப் பார்க்காமல்தான்.

"அந்த பல்ப நான்தான் தளர்த்தி வெச்சேன். மொட்டப் பாத்தேனில்ல, அன்னையிலிருந்து. சாயங்காலம் போயி லேசாத் திருகி உட்டுடுவேன். அவன் பூக்கட்டும்னு."

"அதுக்கு முன்னாடி?"

"முன்னாடி நான் தொடல."

உள்ளே போய் நோட்டைப் புரட்டினேன். அவள் மொட்டைப் பார்த்தது செப்டம்பர் 14. மொட்டு வைக்க மூன்று வாரம் இருட்டு வேண்டும். பல்பு முதலில் இருண்டது ஆகஸ்ட் 22. கணக்கு அவளிடம் போய் முடியவில்லை. எழுதிவைக்கிறேன்.

குரல் கேட்பதில்லை. அன்றைக்கு நான் கத்தினதோடு நின்றுவிட்டது.

நவம்பர் 16, ஞாயிறு

எல்லப்பன் வந்தான். இந்த முறை கேட்டைத் திறந்து உள்ளே வந்தான். நாகவேணிதான் சொல்லி அனுப்பியிருக்கிறாள், லைன் முழுக்க ஒயர் மாற்ற வேண்டும் என்று. எனக்குச் சொல்லவில்லை.

கொட்டாய்ச் சுவரில் இருந்த டைமரைப் பார்த்தான். தேடினாயே, கிடைத்ததா என்று கேட்கவில்லை. அதைக் கழற்றி, துடைத்து, ஒயர் கொடுத்து, தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். சொன்ன நேரத்துக்கு ஓடியது. நாகவேணியைக் கூப்பிட்டு இன்னொரு தடவை ஓட்டிக் காட்டினான். அவள் தலையசைத்தாள். அதற்குப் பிறகுதான் மெயினை இறக்கினான்.

துண்டுக்குத் தோளில் கை வைத்தான், அவனிடம் இல்லை. நாகவேணி உள்ளே போய்ப் பச்சைக் கரைத் துண்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். கைப்பிடியில் போட்டான். வெளியே போகப்போனவன் திரும்பி என்னைப் பார்த்தான்.

"நீ இங்கயே நில்லுண்ணா. நான் வந்து எடுக்கற வரைக்கும்."

"மழை வர்ற மாதிரி இருக்குதுப்பா."

"வரட்டும்" என்று சொல்லிவிட்டு வயலில் இறங்கினான்.

வந்தது. கொட்டாய்க் கூரை ஒழுகுகிற இடத்துக்கு நேர் கீழேதான் மெயின் பெட்டிக்கு முன்னால் நிற்க இடம். தலை நனைந்தது, கண்ணில் தண்ணீர் வழிந்தது, எதிரே ஒரு முழம் தூரத்தில் காய்ந்த துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. ஏழாவது வரிசையிலிருந்து எல்லப்பன் கேட்டான்: "துண்டு இருக்குதாண்ணா?"

"இருக்குது" என்றேன்.

ஒவ்வொரு கம்பத்திலிருந்தும் கேட்டான். ஒவ்வொரு தடவையும் சொன்னேன். ஒன்றரை மணி நேரம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன், முகத்தைத் துடைக்கவில்லை.